பாஸ் மீனுக்குத் தூண்டில் போடுமுன் அதன் வாயைப் பாருங்கள்

டெக்ஸாஸுக்குக் குடிவந்த முதல் வருடம், ஒரு சனிக்கிழமை மீன்பிடிச் சாமான் வாங்கலாம் என்று ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தேன். ரப்பர் புழுக்களுக்கு மட்டும் ஒரு முழுச் சுவர். மினுக்குத் தூள் போட்ட புழு, வால் சுருண்ட புழு, நண்டு மாதிரி, பல்லி மாதிரி, எலி மாதிரிகூட ஒன்று. கண்மாயில் மூங்கில் கழியும் மயிலிறகுத் தண்டுத் தக்கையும் வைத்துக் கெண்டை பிடித்து வளர்ந்தவனுக்குத் தலை சுற்றியது. கண்ணுக்கு அழகாக இருந்த ஏழெட்டை அள்ளிக்கொண்டு வந்தேன். அடுத்த ஒரு மாதம் ஒரு மீன்கூட ஏறவில்லை.

எது எதற்கு என்று மீனைக் கேட்காமல் கடையைக் கேட்டதுதான் தப்பு. பாஸ் மீன் எப்படி இரை பிடிக்கிறது என்பதை மட்டும் புரிந்துகொண்டால், அந்தச் சுவரில் முக்கால்வாசியை நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். அதனால் ராடு என்கிற தூண்டில் கம்பு, நரம்பு சுற்றும் ரீல் இவற்றுக்குப் போகுமுன் மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பொதுவாக பாஸ் என்று சொல்வது லார்ஜ்மவுத் பாஸை. வட அமெரிக்காவின் நன்னீர் மீன். பெயர்தான் பாஸ், குடும்பம் சன்ஃபிஷ் குடும்பம். ஏரிக்கரையில் குழந்தைகள் ரொட்டித் துண்டு போட்டுப் பிடிக்கும் புளூகில்லுக்கு இது பெரியப்பா முறை. பச்சை உடம்பு, பக்கவாட்டில் ஒரு கரும்பட்டை. வாய் மூடியிருக்கும்போதே மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். அப்படித் தாண்டாமல் கண்ணோடு நின்றுவிட்டால் அது ஸ்மால்மவுத் பாஸ், வேறு இனம். எவ்வளவு பெரிதாகும் என்றால், ஜார்ஜ் பெர்ரி 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியாவில் பிடித்தது 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது பத்துக் கிலோவுக்கு மேல். 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா பிடித்த மீன் அதைவிட ஒரு அவுன்ஸுக்கும் குறைவாகத்தான் கூடுதல். 2 அவுன்ஸாவது கூட இருந்தால்தான் முறியடித்ததாகக் கணக்கு என்பதால் இன்றுவரை இருவருக்கும் பங்கு. நமக்கு மாட்டப்போவது ஒன்று, ஒன்றரைப் பவுண்டு மீன். அதுவே கையை நன்றாக ஆட்டிவிடும்.

விரால் பிடித்துப் பழக்கம் இருந்தால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். எங்கள் சித்தப்பா நீளக் கழியின் நுனியில் தவளையைக் கோர்த்து, தாமரை இலைகளின் இடுக்கில் தத்தித் தத்தி விளையாட்டுக் காட்டுவார். விரால் இலைக்கடியில் அசையாமல் கிடந்து ஒரே பாய்ச்சலில் விழுங்கும். பாஸும் அதே ஜாதி வேட்டைக்காரன். துரத்தித் துரத்திக் களைத்துப் போகிற மீன் இல்லை. படகுத்துறையின் நிழல், விழுந்து கிடக்கும் மரம், கோரைப்புல் விளிம்பு, பாறைக் குவியல் என்று ஒரு மறைவை ஒட்டி நிற்கும். இரை பக்கத்தில் வந்ததும் வாயைப் படாரென்று திறக்கும். அந்தப் பெரிய வாய் திறக்கிற வேகத்தில் தண்ணீரோடு சேர்ந்து இரையும் உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும். கடிப்பது, கிழிப்பது எல்லாம் கிடையாது. வாய்க்குள் போனது சரியாக இல்லை என்று பட்டால், உறிஞ்சிய வேகத்திலேயே துப்பியும் விடும்.

மறைவில் நிற்பது, உறிஞ்சுவது, துப்புவது. இந்த மூன்றும் தெரிந்தால் சாமான் தேர்வு பெரும்பாலும் முடிந்தது. மறைவில் நிற்பதால் தூண்டில் முள் எந்தச் செடியிலும் மாட்டாமல் உள்ளே போய்வர வேண்டும். மாட்டிய மீனை உடனே வெளியே இழுக்கவும் ராடில் கொஞ்சம் முதுகெலும்பு வேண்டும். உறிஞ்சுவதால் கடி பெரும்பாலும் லேசாகத்தான் தெரியும், அதைக் கைக்குச் சொல்லும் கம்பும் தூண்டில் நரம்பும் வேண்டும். துப்புவதால், ஒன்றிரண்டு விநாடியாவது வாயில் வைத்திருக்கத் தோன்றுகிற மெத்தென்ற இரை வேண்டும்.

முதலில் ராடு. கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் சில எண்கள் இருக்கும். விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் அதைப் படியுங்கள். பவர் என்பது ராடு எவ்வளவு விறைப்பு என்பது; ஆக்ஷன் என்பது எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் ஆக்ஷன் என்றால் நுனி மட்டும் வளையும், மாடரேட் என்றால் பாதிவரை வளையும். ஆரம்பத்தில் ஆறரை அல்லது ஏழு அடி நீளம், மீடியம் பவர், ஃபாஸ்ட் ஆக்ஷன் போதும். கூடவே அது தாங்கும் லூரின், அதாவது செயற்கை இரையின், எடை எழுதியிருக்கும்: கால் அவுன்ஸ் முதல் எட்டில் ஐந்து பங்கு அவுன்ஸ் வரை, ஏறக்குறைய 7 முதல் 18 கிராம், என்கிற மாதிரி. இந்த எண்ணை மதியுங்கள். 3 கிராம் லூரை விறைத்த கம்பில் கட்டினால் பத்தடிகூடப் பறக்காது.

ரீலில் இரண்டு வகை. ஸ்பின்னிங் ரீல் கம்புக்கு அடியில் தொங்கும், சுருள் அசையாது, நரம்பு அதிலிருந்து உருவி வெளியேறும். பெய்ட்காஸ்டர் கம்புக்கு மேலே உட்காரும், வீசும்போது சுருளே சுழலும். டிவியில் போட்டிக்காரர்கள் கையில் பெரும்பாலும் பெய்ட்காஸ்டர் இருப்பதைப் பார்த்து நானும் அதைத்தான் முதலில் வாங்கினேன். லூர் தண்ணீரில் விழுந்த பிறகும் சுருள் சுற்றிக்கொண்டே இருக்கும்; கட்டைவிரலால் சரியான நேரத்தில் தடவி நிறுத்தாவிட்டால் உள்ளே நரம்பு குருவிக்கூடாகிவிடும். என் முதல் காலைப்பொழுது கரையில் உட்கார்ந்து சிக்கெடுத்ததிலேயே போனது. பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் சாதாரண ஸ்பின்னிங் ரீலில் இரண்டு மீன் எடுத்துவிட்டு, என்னைப் பார்த்துப் பாவமாகத் தலையாட்டினான். 2500 அல்லது 3000 அளவு ஸ்பின்னிங் ரீல் வாங்குங்கள். பெய்ட்காஸ்டர் அடுத்த வருடம்.

ரீலின் தலையில் இருக்கும் டிராக் திருகையும் கவனியுங்கள். மீன் பலமாக இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும் பிரேக் அது. நரம்பின் பலத்தில் நான்கில் ஒரு பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு விசைக்கு வழுகுகிற மாதிரி வைக்க வேண்டும். இறுக்கி வைத்துவிட்டு, பெரிய மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது என்று கதை சொல்பவர்கள் நிறையப் பேர்.

நரம்பு மூன்று விதம். மோனோ நம்ம ஊர்த் தூண்டில் நரம்பேதான். நீளும், விலை குறைவு, எளிதில் அமிழாது. ஃப்ளூரோகார்பன் தண்ணீரில் அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது, அமிழும், நீளுவதும் குறைவு. அதனால் அடியில் நடப்பது விரலுக்கு வரும். பின்னல் நரம்பான பிரெய்டு துளியும் நீளாது, மெல்லிய நூலிலேயே பெரும்பலம், ஆனால் தெளிந்த நீரில் தெரியும். தொடங்குபவருக்கு 8 அல்லது 10 பவுண்டு பலமுள்ள மோனோ போதும் என்பேன். சிக்கு விழுந்தாலும் எடுத்துவிடலாம், அறுத்தெறிந்தாலும் வயிறு எரியாது. கை பழகிய பிறகு, பிரெய்டு சுற்றி அதன் நுனியில் ஓர் ஆள் உயரத்துக்கு ஃப்ளூரோகார்பன் கட்டிக்கொள்ளலாம்.

சரி, இப்போது லூர். ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் டெக்ஸாஸ் ரிக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். ஈயம், முள், ரப்பர் புழு மூன்றையும் கோர்க்கும் ஒரு முறை அது. ரப்பர் புழுவை இந்த அளவுக்குப் பரப்பிய பெருமை நிக் கிரீமுக்கு உண்டு. 1949-இல் ஓஹையோவின் அக்ரான் நகரில் இருந்தபடி செய்யத் தொடங்கியவர், பிறகு தொழிற்சாலையை டெக்ஸாஸின் டைலர் ஊருக்குக் கொண்டுவந்தார். தேவையானவை மூன்று: துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் நடுவில் துளையுள்ள ஈயம், எட்டில் ஒரு பங்கு முதல் கால் அவுன்ஸுக்குள், நரம்பு கட்டும் கண்ணுக்குக் கீழே ஒரு மடிப்பு வைத்த 3/0 அளவு முள், ஆறு அல்லது ஏழு அங்குல ரப்பர் புழு.

ஈயத்தின் கூர்முனை மேலே இருக்கும்படி நரம்பில் கோருங்கள். பிறகு முள்ளைக் கட்டுங்கள். பாலமார் முடிச்சு போதும்: நரம்பை இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணில் நுழைத்து, ஒரு சாதா முடிச்சைத் தளர்வாகப் போட்டு, வளையத்துக்குள் முள்ளை முழுவதும் விட்டு எடுத்து இழுக்க வேண்டும். இழுக்குமுன் எச்சில் தொட்டு நனையுங்கள். காய்ந்த நரம்பை இறுக்கினால் உரசல் சூட்டிலேயே பலம் போய்விடும். இப்போது புழு. முள்ளின் முனையைப் புழுவின் தலைக்குள் நேராகக் கால் அங்குலம் குத்திப் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். தலை முள்ளின் மடிப்பில் வந்து உட்காரும்வரை புழுவை மேலே தள்ளுங்கள். முள்ளை அரைச் சுற்றுத் திருப்பினால் முனை புழுவைப் பார்த்து நிற்கும். புழுவைச் சும்மா தொங்கவிட்டு, முள்ளின் வளைவு புழுவின் எந்த இடத்தைத் தொடுகிறது என்று பார்த்து, சரியாக அங்கே குத்தி மறுபக்கம் எடுங்கள். கடைசியாக, வெளியே வந்த முனையைப் புழுவின் தோலில் லேசாகச் செருகி மறையுங்கள். தூக்கிப் பிடித்தால் புழு ஊசி நூல் கோர்த்த மாதிரி நேராகத் தொங்க வேண்டும். வளைந்து கூன் போட்டிருந்தால் தண்ணீரில் பம்பரம் சுற்றும், நரம்பு முறுக்கிக்கொள்ளும், மீனும் திரும்பிப் பார்க்காது. கழற்றித் திரும்பக் குத்துங்கள். நான் பத்துத் தடவையாவது கழற்றியிருப்பேன்.

முனை ரப்பருக்குள் மறைந்திருப்பதால் இதைச் செடிக்குள்ளேயும் கிளைக்குள்ளேயும் தைரியமாகப் போடலாம். பாஸ் வாய்க்குள் வாங்கி, நீங்கள் சுண்டும்போது முனை ரப்பரைக் கிழித்துக்கொண்டு தாடையில் ஏறும்.

வீசிய பிறகு செய்யக்கூடாதது, உடனே சுற்றுவது. தக்கைத் தூண்டிலில் பழகியவர்களுக்கு இதுதான் கஷ்டம். இங்கே பார்த்துக்கொண்டிருக்கத் தக்கை இல்லை, நரம்புதான் தக்கை. புழு தானாக அமிழட்டும். நிறையக் கடிகள் இந்த அமிழும் நேரத்தில்தான் வரும். நரம்பை முழு விறைப்பாகவும் வைக்காமல் கொளகொளவென்றும் விடாமல், அது தண்ணீரைத் தொடும் இடத்தையே பாருங்கள். அடிக்குப் போய்ச் சேர்ந்ததும் நரம்பு தளரும். ராடு நுனியை மெதுவாக ஓரடி தூக்குங்கள், இறக்குங்கள், தளர்ந்த நரம்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். திரும்பத் தூக்குங்கள். கல்லில் உரசினால் கடகடவென்று தெரியும். செடியில் மாட்டினால் ரப்பர் இழுத்த மாதிரி கொழகொழப்பாக இருக்கும். மீன் என்றால் யாரோ சுண்டுவிரலால் கம்பைத் தட்டிய மாதிரி ஒரு டக், சமயத்தில் இரண்டு. சில நேரம் அதுவும் இருக்காது. நரம்பு மட்டும் காரணமே இல்லாமல் பக்கவாட்டில் நகரத் தொடங்கும், அல்லது புழு அடிக்குப் போகுமுன்பே அமிழ்வது நின்றுவிடும். சந்தேகம் வந்தால் மீன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ராடைத் தாழ்த்தி, தளர்வைச் சுற்றி எடுத்து, மேல்நோக்கி ஒரே வீச்சாகச் சுண்டுங்கள். தளர்வை எடுக்காமல் சுண்டினால் காற்றைத்தான் சுண்டுவீர்கள்.

மறைவு குறைவான இடத்தில் இன்னும் சுலபமான வழி ஒன்று உண்டு. உப்புக் கலந்த ஐந்தங்குலத் தடிப் புழுவின் நடு இடுப்பில், ஈயமே இல்லாமல், சின்ன முள்ளைக் குறுக்காகக் குத்துவது. வாக்கி ரிக் என்பார்கள். பார்க்கக் கேலியாக இருக்கும். போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும், இரண்டு முனையும் நடுங்கிக்கொண்டே மெல்ல இறங்கும். பொறுமைதான் ஒரே நுட்பம். முள் வெளியே தெரிவதால் செடிக்குள் போடாதீர்கள். இந்தத் தடிப் புழுவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கேரி யமமோட்டோவின் சென்கோ. இன்று பல கம்பெனிகள் அதே மாதிரி செய்கின்றன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கலங்கியிருந்தால் அல்லது காற்று அலையடித்தால் ஸ்பின்னர்பெய்ட்: தகடு சுழன்று அதிர்வு எழுப்பும். பாஸின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு அந்த அதிர்வைப் பிடித்துவிடும், கண்ணே தேவையில்லை. கிராங்க்பெய்ட்டின் தாடையில் ஒரு பிளாஸ்டிக் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். தகடு நீளமென்றால் ஆழம் போகும், குட்டையென்றால் மேலாகவே நீந்தும். அது ஒரு மரத்தண்டில் மோதி விலகுகிற அந்த நொடியில்தான் பாஸ் பாயும். அதனால் மோதட்டும் என்றே விடுங்கள். அல்லி இலைப் பரப்பில் ரப்பர் தவளை; அதற்குக் கனமான கம்பும் 50 பவுண்டு பிரெய்டும் வேண்டும், ஆகவே இரண்டாவது செட் வாங்கும் வரை பொறுங்கள். தண்ணீர் வெடித்ததும் பதறிச் சுண்டாமல், மீனின் எடை கையில் தெரிந்த பிறகு சுண்ட வேண்டும் என்பது தவளைக்காரர்களின் விதி. சித்தப்பாவும் அதையேதான் சொல்வார்.

நிறம்? தெளிந்த நீருக்கு பச்சையும் பழுப்பும் கலந்த கிரீன் பம்ப்கின், கலங்கலுக்குக் கறுப்பும் நீலமும். இந்த இரண்டு பாக்கெட்டோடு ஒரு வருடம் ஓட்டலாம். கடைச் சுவரில் மிச்சமுள்ள நிறங்கள் மீனைவிட நம்மைத்தான் அதிகம் பிடிக்கின்றன என்பது என் எண்ணம்.

எங்கே போடுவது என்பது எதைப் போடுவது என்பதைவிடப் பெரிய கேள்வி. டெக்ஸாஸில் ஏரி என்று சொல்பவை ஏறக்குறைய எல்லாமே அணைத் தேக்கங்கள். 18.18 பவுண்டு என்ற மாநிலச் சாதனை மீனை 1992-இல் தந்த லேக் ஃபோர்க்கில், நீருக்குள் இன்றும் பட்ட மரங்கள் நிற்கின்றன. அங்கே படகு வேண்டும். ஆனால் ஊருக்குள் இருக்கும் பூங்காக் குளமே உங்களுக்குச் சரியான பள்ளிக்கூடம். கரையில் நின்று நடுக்குளத்துக்கு வீசுவது எல்லோரும் செய்யும் தப்பு. மீன் பெரும்பாலும் உங்கள் காலடிக் கரையை ஒட்டி இடமும் வலமுமாக நிற்கும். கரைக்கு இணையாக வீசுங்கள். மதகு, வாய்க்கால் வந்து சேரும் இடம், ஒற்றைப் பாறை, நிழல் விளிம்பு என்று ஏதாவது ஒன்று மாறுகிற இடமாகப் பார்த்துப் போடுங்கள். ஒரே இடத்தில் பத்துத் தடவை போட்டும் ஒன்றுமில்லை என்றால் நடங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும்போது, ஏறக்குறைய 16 செல்சியஸ், பாஸ் முட்டையிட ஆழமில்லாத கரைப்பக்கம் வரும். ஆண் மீன் வாலால் வட்டமாகக் குழி பறித்துக் காவல் நிற்கும். தெளிந்த நீரில் அந்த வெளிர் வட்டங்கள் கண்ணுக்கே தெரியும். அதற்குச் சற்று முந்தைய வாரங்கள்தான் வருடத்தின் திருவிழா. கோடையில் விடியலும் அந்தியும் மட்டும் கரை. நடுப்பகலில் ஆழம் அல்லது அடர்ந்த நிழல். குளிர்காலத்தில் மீனின் உடம்பே மந்தமாகிவிடும், அப்போது நீங்களும் பாதி வேகத்தில் இழுக்க வேண்டும்.

மீன் மேலே வந்ததும் கையை நனைத்துக்கொண்டு, கட்டைவிரலை அதன் வாய்க்குள் விட்டுக் கீழுதட்டைப் பிடியுங்கள். பல் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும், அவ்வளவுதான், கடிக்காது. பெரிய மீனென்றால் மறுகையால் வயிற்றைத் தாங்கிப் படுக்கைவாக்கில் பிடிக்க வேண்டும். தாடையில் மட்டும் தொங்கவிட்டால் அதற்குக் கேடு. பிடித்து விட்டுவிடும் பழக்கத்தைப் போட்டிகளில் கொண்டுவந்தவர் ரே ஸ்காட், 1972-இல். இன்று இங்கே பாஸைத் தின்கிறேன் என்று சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். இது எல்லா நாட்டுக்கும் பொருந்துகிற தர்மம் இல்லை. பாஸ் வெளியிலிருந்து வந்து உள்ளூர் மீன்களை அழித்த பிவா ஏரியில், பிடித்த பாஸைத் திரும்ப விடுவதுதான் தடை. என் வீட்டில் முதல் மீனின் படத்தைக் காட்டியபோது வந்த கேள்வி, "குழம்பு வைக்கலாமா?" வைக்கலாம், சதை வெள்ளையாக, நன்றாகவே இருக்கும். டெக்ஸாஸில் பொதுவிதி 14 அங்குலத்துக்குக் குறையாத பாஸ், ஒரு நாளைக்கு ஐந்து. லேக் ஃபோர்க் போன்ற ஏரிகளுக்குத் தனிவிதி: அங்கே 16 முதல் 24 அங்குலம் வரையிலான மீனை விட்டுவிட வேண்டும். சில ஏரிகளில் பாதரச எச்சரிக்கையும் உண்டு. மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறையின் தளத்தில் ஏரியின் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

17 வயது ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் கட்டாயம். ஆனால் மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து பிடிக்க உரிமம் வேண்டியதில்லை, நுழைவுக் கட்டணம் மட்டும்தான். முதல் ஒன்றிரண்டு நாளை அங்கே வைத்துக்கொள்ளலாம். பையில் ஒரு ராடு, இரண்டு பாக்கெட் புழு, ஐந்து முள், ஐந்து ஈயம், நரம்பு வெட்ட நகவெட்டி, முள் எடுக்க நீளமூக்குக் குறடு. அப்புறம் தொப்பி, டெக்ஸாஸ் வெயில் நம்ம ஊர் வெயிலுக்கு இளைத்ததில்லை.